புளியோதரை வழியில் நாலாவது இடம்

இன்னிக்கு உங்க நாள், எந்த வழின்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பாறை ஏறும் கும்பலை நடத்துகிற லூர்துராஜ் எதிர்க்கடைக்கு டீ சொல்லப் போய்விட்டான். ஏதோ சட்டைத்துணி பொறுக்கச் சொல்கிற மாதிரி. தெய்வசிகாமணி நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டான். நாற்பத்து மூன்று வயது, ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரச்சோதனைப் பிரிவு, ஞாயிற்றுக்கிழமையானால் எட்டுப் பேரோடு இந்தக் குதிரைக்கல் குன்றுக்கு வந்து பாறை ஏறுகிறவன், அதுவும் ஆறு வருஷமாக. ஆறு வருஷமும் செகண்டாகவே. லீடு, அதாவது முதல் ஆளாக ஏறுகிறவருக்கு மேலிருந்து கயிறு கிடையாது. இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டே போக வேண்டும், போகிற வழியில் வெடிப்புக்குள் நட்டுகளைச் செருகி அதில் கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும். நட்டு என்றால் விரல் கணு அளவு அலுமினியத் துண்டு, அதற்கு ஒரு கம்பிக் கண்ணி, அவ்வளவுதான். தவறி விழுந்தால் கடைசி நட்டு வரைக்கும் விழுந்து, அப்புறம் அதே தூரம் அதற்குக் கீழேயும் விழ வேண்டும், நட்டு நின்றால். செகண்டுக்கு அந்த வம்பே இல்லை. லீடு மேலே போய் மரத்தில் கட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இவன் பின்னாலேயே ஏறி நட்டுகளை உருவிக்கொண்டு வந்தால் போதும். செகண்டு சிகாமணி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அன்பாகத்தான் வைத்தார்கள், அவனும் சிரித்தான், ஐந்தே கால் வருஷம் உண்மையாகவே சிரித்தான். ஹம்சவேணி வந்த பிறகுதான் அந்தப் பெயர் சட்டைக்குள் விழுந்த வைக்கோல் மாதிரி உறுத்த ஆரம்பித்தது. அவளைக் கூட்டி வந்ததே அவன்தான். அடுத்த தெருப் பெண், இருபத்தொன்பது வயது, பல் கட்டும் லேபில் பொய்ப்பல் செய்கிற வேலை. ஒருநாள் அவன் தோளில் கயிற்றுச் சுருளோடு வண்டியை எடுப்பதைப் பார்த்து இது எதுக்குண்ணா என்று கேட்டாள், அவனும் வாயேன் என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் இப்போது பத்தடி தள்ளிப் புளியமரத்து வேரில் உட்கார்ந்து நட்டுகளை அளவு வாரியாகக் கோத்துக்கொண்டிருந்தாள், அவனுக்காக. அவன் லீடு ஏறப்போகிறான் என்பதற்காக. சின்னது முன்னால, பெருசு பின்னால, உங்களுக்கு வலக்கைதானேண்ணா என்று கேட்டுக்கொண்டே கோத்தாள். அந்த விரல்களைப் பார்க்கக் கூடாது என்று நோட்டைப் பார்த்தான். நோட்டில் பல்லி வழி. லூர்துராஜின் கோணல் எழுத்து, பால்பாயின்ட் பேனாவில் பாறையின் படம், அதன் மேல் புள்ளிப் புள்ளியாக வழி, புதியவருக்கு ஏற்றது என்று ஓரத்தில் ஒரு டிக். ஏற்றதுதான், படுத்த பாறை, செருப்போடுகூட நடக்கலாம் என்று இருக்கும், கையே வைக்க வேண்டாம் சில இடத்தில். ஆனால் அறுபது அடிக்கு மேலே வெடிப்பு மூடிக்கொள்கிறது. அதற்கு மேல் நாற்பது அடி வெறும் வழுக்கல், ஒரு நட்டுகூட வைக்க முடியாது. சுலபம்தான், சுலபம் என்பதால்தான் டிக், ஆனால் சுலபமான இடத்தில் கால் நடுங்காது என்று யார் எழுதிக் கொடுத்தது. தொண்ணூற்றைந்தாவது அடியில் வழுக்கினால் எழுபது அடி தேய்த்துக்கொண்டே வர வேண்டும், தேங்காய் துருவுகிற மாதிரி. பக்கத்தைத் திருப்பினான். படிக்கட்டு. பெயரே படிக்கட்டு, இரண்டாள் உயரத்துக்கு ஒரு திட்டு, நின்று மூச்சு வாங்கலாம், டீ குடிக்கலாம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கை காட்டுவார்கள். விழுந்தால் கயிறு இறுகுவதற்கு முன்னாலேயே திட்டு வந்து கணுக்காலை வாங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் எல்லாம் தெரியும், எந்த வழியில் எந்த வெடிப்புக்கு எந்த அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான், தெரிந்து என்ன ஆயிற்று, எட்டு மாசம் முன்னால் வந்தவள் ஏறிவிட்டாள். அண்ணா, நீங்க ஏன் இன்னும் லீடு ஏறல என்று ஒருநாள் கேட்டாள், மழை வருமா என்று கேட்கிற தினுசில். கேலியாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். கேலியே இல்லை அதில்.

அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் விரலைக் கொடுத்து வைத்திருந்தான். அது புளியோதரை வழி. யாரோ உச்சியில் உட்கார்ந்து புளியோதரை தின்றதால் அந்தப் பெயர். இந்தக் குன்றில் முதல் லீடுக்கு என்றே செய்து வைத்த மாதிரி ஒரு வழி உண்டென்றால் அதுதான். எண்பது அடி, நேர் வெடிப்பு, கை எட்டுகிற இடத்தில் எல்லாம் நட்டு உட்காரும், நடுவில் இடிக்கிற திட்டு இல்லை, உச்சியில் கட்டுவதற்கு ஆலமரம், இறங்குவதற்குப் பின்பக்கம் ஆட்டுப்பாதை. செகண்டாக அதில் பதினோரு தடவை ஏறியிருக்கிறான். ஒரே ஒரு இடம்தான் சிக்கல், மூன்றாவது நட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருபத்தைந்து அடிக்கு வெடிப்பு மூடிக் கிடக்கும், ஆனால் சரியாகப் பாதியில், இடது முழங்கை உயரத்தில், மேலே அகன்று கீழே குறுகின ஒரு துளை. ஏழாம் நம்பர் நட்டு அதற்குள் போய் உட்கார்ந்தால் யானை கட்டலாம். அந்தத் துளை இருப்பதால்தான் அது புதியவருக்கான வழி. இருப்பதால்தான் என்றா சொல்ல வேண்டும், இருந்ததால்தான். இப்போது பக்கத்தைத் திருப்பினால் குறுக்கே சிவப்புக் கோடு இருக்கும். நாலாவது இடத்தை நம்பக் கூடாது, புதியவருக்கு வேண்டாம், காரணம்: உள்கல் பொரிந்து உதிரலாம், தேதி, கீழே கையெழுத்து. அ. தெய்வசிகாமணி. அழகான கையெழுத்து அவனுக்கு, கம்பெனியில் பாஸ், ரிஜெக்ட் என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை போட்டுப் போட்டு வந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு பல்சக்கரத்துக்குக்கூடப் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. மேனேஜரே வந்து நின்று கேட்டபோதும் போடவில்லை, அதற்காக ஒரு இன்க்ரிமென்ட் போயிற்று.

ஏழு வாரம் ஆகிறது. வேணியின் முதல் லீடு. இவன்தான் செகண்டு, அண்ணாதான் வரணும் என்று அவளே கேட்டாள். கீழே நின்று பார்த்தபோது அவள் பயப்படுவாள் என்று காத்திருந்தான், கெண்டைக்கால் தையல் மெஷின் மாதிரி ஆடும், எல்லாருக்கும் ஆடும், லூர்துவுக்கே ஆடியிருக்கிறது. ஆடவில்லை. அந்தத் துளைக்குள் நட்டை வைக்கிறபோது, கடைவாய்ப் பல்லைப் பொருத்துகிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடம் பார்த்து, இறக்கி, ஒரே இழு. போய்விட்டாள். பிறகு இவன் ஏறினான். முதல் மூன்றும் சுத்தமாக வந்தன. நாலாவது வரவில்லை. நட்டு உருவுகிற கொக்கியை விட்டுக் குத்தினான், கல்லெடுத்துக் கொக்கியின் தலையில் தட்டினான், விரல்முட்டித் தோல் உரிந்தது, வேர்வை கண்ணில் இறங்கியது, ஐந்து நிமிஷம் தொங்கின பிறகுதான் வந்தது. ஆறு வருஷத்தில் இவன் உருவின நட்டு ஆயிரத்துக்கு மேல் இருக்கும், இவ்வளவு அழகாக உட்கார்ந்த ஒன்றை அவன் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஒன்று எரிந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான், நாம் கூட்டி வந்த பெண் என்று, அதெல்லாம் இல்லை, எரிந்தது. அப்புறம் கீழே வந்தார்கள். முதல் லீடு என்றால் இந்தக் கும்பலில் ஒரு வழக்கம், ஏறினவர் வைத்த நட்டுகளை செகண்டு அதே வரிசையில் கொண்டு வந்து சிமென்ட் சாக்கில் பரப்பி ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், நிற்கும், நிற்காது என்று. அவன் சொன்னால் சொன்னதுதான். வைத்தவருக்கே தெரியாது, அவர் மேலே போய்விட்டார், உருவின பிறகு யாருக்கும் தெரியாது. திரும்ப ஏறிச் சோதிப்பதும் கிடையாது, சோதித்தால் செகண்டைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு மரியாதை. முதலாவது நிற்கும் என்றான். இரண்டாவது நிற்கும். மூன்றாவது நிற்கும். எட்டு பேரும் சுற்றி நின்றார்கள், லூர்து முகத்தில் ஒரு பூரிப்பு, அந்தப் பூரிப்பு இவன் பக்கம் ஆறு வருஷத்தில் ஒரு தடவை திரும்பியதில்லை. வேணி முழங்காலைக் கட்டிக்கொண்டு நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்க்கவில்லை. அதுதான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்க்கவே இல்லை, அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான் என்று இந்த ஏழு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறான், அப்படி நினைப்பது அவனுக்குச் சௌகரியம். நிற்காது என்று வாய் சொல்லிவிட்டது.

எப்படி வந்துச்சுண்ணா என்று கேட்டாள், நெல்லிக்காய் கையிலேயே நின்றது. விரல் பட்டுச்சு, வந்துடுச்சு என்றான். ஒரு பொய்க்கு இன்னொன்று துணைக்கு வேண்டியிருந்தது. உரிந்த விரல்முட்டியைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவள் அழுதிருக்கலாம், வாதாடியிருக்கலாம், நான் இழுத்துப் பாத்தேனே என்று மட்டும் லூர்துவிடம் சொன்னாள், லூர்து யோசித்து, அப்படின்னா கல்லுலதான் கோளாறு, உள்ள பொரிஞ்சிருக்கும், வழியையே அடிச்சுடுவோம் என்றான். நோட்டை இவனிடம் நீட்டினான். அங்கே நிறுத்தியிருக்கலாம். பேனாவைத் திறக்கும்போதுகூட நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு அவள் லீடு ஏறவில்லை. வந்தாள், வாரம் தவறாமல் வந்தாள், குன்றின் அடியில் கிடக்கும் உருண்டைப் பாறைகளில் நட்டு வைத்து, அதில் கயிறு மாட்டித் தொங்கி, குதித்துப் பார்த்து, இது நிக்குமாண்ணா என்று இவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அண்ணாவில் முதல் இரண்டு வாரம் ஒரு இனிப்பு இருந்தது, பொய் சொல்லுவானேன், இருந்தது. அவள் கேட்கிறாள், இவன் சொல்கிறான், அதற்காக அவள் காத்திருக்கிறாள். மூன்றாவது வாரம் அதுவும் கசந்துவிட்டது, ஏனென்றால் அப்படி வைத்து வைத்துப் பார்த்ததில் அவள் இன்னும் கெட்டிக்காரியாகிவிட்டாள். தப்பை ஒத்துக்கிட்டு எப்படித் திருத்திக்கிறா பாருங்க என்று லூர்து எல்லாரிடமும் சொன்னான். செய்யாத தப்புக்குக்கூட அவளுக்குத்தான் பாராட்டு. இவன் செய்த தப்புக்கு இவனுக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை.

டீ வந்தது. ஏலக்காய் அதிகம், நாக்கைச் சுட்டது. லூர்து டம்ளரை ஊதிக்கொண்டே எதிரில் குந்தினான், ஒன்றும் கேட்கவில்லை, முதல் லீடுக்கு வழி சொல்வதில்லை என்பதும் இங்கே வழக்கம், அடுத்தவர் சொன்ன வழியில் ஏறினால் பாதியில் கால் நடுங்கும்போது அடுத்தவரைத் திட்டத்தான் தோன்றும் என்பான். பாறைக்கு இன்னும் வெயில் வரவில்லை, மேற்கே பார்த்த முகம், மத்தியானம் வரை நிழல்தான். நிமிர்ந்து பார்த்தான். பல்லி வழியின் மேல்பாதி மழைத்தண்ணி ஓடின கறுப்புத் தடத்தோடு வழவழவென்று கிடந்தது. அதற்கு இருபதடி இந்தப் பக்கம் புளியோதரை, நேர்கோடு, வேண்டாம், அங்கே பார்க்காதே. எவ்வளவு கெட்டிக்காரத்தனம், தனக்கென்று இருந்த ஒரே வழியைத் தானே சிவப்புக் கோடு போட்டு மூடிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். மூன்று மாசம் தள்ளிப் போடலாமா. தோள்பட்டை வலி என்று சொல்லலாம். சொன்னால் சரிங்க என்று லூர்து அந்த நோட்டை அவளிடம் கொடுத்துவிடுவான், அவள் பல்லி வழியையே ஏறிவிடுவாள், கெண்டைக்கால் ஆடாமல். படிக்கட்டு ஏறலாம், கணுக்கால் போனால் போகட்டும். இல்லை, படிக்கட்டு என்றால் சிரிப்பார்கள், வாய்விட்டுச் சிரிக்காவிட்டாலும். அவள் ஏறினதை விடச் சின்னதாக ஒன்றை ஏறுவதற்கா ஆறு வருஷம். வீட்டில் பையனுக்குப் பதினான்கு வயது, கணக்கில் அவனைப் போலவே மக்கு, அப்பா எப்பத் திரும்பி வருவீங்க என்று கேட்டான் காலையில், நாலு மணி என்று சொல்லியிருக்கிறான். நாற்பது அடி. நாற்பது அடி என்பது மூன்று மாடி. ஒன்றும் வைக்காமல் மூன்று மாடி. பல்லி வழி என்றான். அவன் சொன்னது அவனுக்கே கேட்டது. லூர்து டம்ளரிலிருந்து முகத்தை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி, உங்க இஷ்டம் என்றான்.

வேணி நட்டுக் கொத்தைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். குந்தினாள். வழி சொல்லக் கூடாதுன்னு தெரியும்ண்ணா, ஆனா மனசு கேக்கல என்று தயங்கினாள்.

"மேல் பாதியில ஒண்ணுமே வைக்க முடியாதுண்ணா. புளியோதரைதான் உங்களுக்குச் சரியா இருந்திருக்கும், நீங்க எத்தன தடவ ஏறியிருக்கீங்க. நான்தான் அதக் கெடுத்துட்டேன். ஆறாம் நம்பர வச்சிருந்தா நின்னிருக்குமோ என்னமோ. என்னால உங்க வழி போச்சு, மன்னிச்சுக்கங்க."

அவள் மன்னிப்புக் கேட்கிறாள். அதிலும் அவளே முதல். இவன் ஏழு வாரமாக வாயில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த வார்த்தையை அவள் வந்து சாதாரணமாக எடுத்துச் சொல்லிவிட்டுக் குந்தியிருக்கிறாள், கண்ணில் உண்மையான கவலை, இவன் விழுந்துவிடுவானோ என்று. அந்தக் கவலையைக்கூட அவனால் தாங்க முடியவில்லை, இவ்வளவு நல்லவளாக இருந்து தொலைக்க வேண்டுமா ஒருத்தி. ஆறாம் நம்பர் அந்தத் துளைக்குள் ஆடும். ஆடி, ஒரு பக்கமாகத் திரும்பி, கயிறு ஆடினால் வெளியே வந்துவிடும். ஏழுதான் சரி, அவள் வைத்ததுதான் சரி, நாளைக்கே கோடு எடுபட்டு இவள் அங்கே போய் ஆறாம் நம்பரை வைத்தால் என்ன ஆகும், நல்ல கையைக் கெட்ட கையாக இவன் மாற்றி வைத்திருக்கிறான், அதுவும் வாயாலேயே. அடுத்து அவனைப் பேச வைத்தது அந்த நினைப்பா, இல்லை அந்த நாற்பது அடி பயமா, பின்னால் பல நாள் யோசித்தும் அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயம்தான் பாதிக்கு மேல் இருக்கும்.

"ஏழுதான் சரி," என்றான். "நாலாவது நின்னுச்சு, வேணி. உருவ முடியாம அஞ்சு நிமிஷம் தொங்குனேன். நான் சொன்னது பொய்."

லூர்து டம்ளரைக் கீழே வைத்தான். வேணிக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தான், கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கேட்கவில்லை. லேப்ல ஒவ்வொரு பல்லையும் மூணு தடவ கழட்டிக் கழட்டி மாட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன், கை போச்சுன்னு நினைச்சு, என்று பாறையைப் பார்த்துச் சொன்னாள். அதோடு எழுந்துவிட்டாள். லூர்து திட்டவில்லை. சிவப்புக் கோடு இருந்த பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்து, இவன் முன்னால் வைத்தான். அடிச்சு எழுதுங்க, காரணமும் எழுதணும், புதுசா வர்றவங்க வழி பாக்குறப்ப எதுக்கு மாத்தினோம்னு தெரியணுமில்ல என்றான். சிகாமணி கோட்டின் மேல் கோடு போட்டான். நாலாவது இடம் நிற்கும், ஏழாம் நம்பர் என்று எழுதினான். காரணம் என்று எழுதிப் புள்ளிகள் வைத்தான். தவறாகப் பார்த்துவிட்டேன் என்று எழுதலாம். கண்ணில் வேர்வை என்று எழுதலாம், அது பொய்யுமில்லை. இனி எத்தனை பேர் முதல் லீடுக்கு வழி தேடி இந்தப் பக்கத்தில் நிற்பார்கள், எத்தனை வருஷம், எல்லாரும் படிப்பார்கள். பேனா நின்ற இடத்தில் மை ஊறியது. பொறாமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான், கம்பெனியில் போடுகிற அதே கையெழுத்து.

லூர்து வாசித்துவிட்டு நோட்டை மூடினான். இன்றைக்கு இவன் லீடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேணி திரும்பி வந்து, அவனுக்காகக் கோத்த நட்டுக் கொத்தை எடுத்துத் தன் இடுப்பில் மாட்டினாள், வலப்பக்கத்தில் இருந்ததை இடப்பக்கம் மாற்றி, அவளுக்கு இடக்கை. செகண்டு யாரு என்று லூர்து கேட்டான். அவர் வேண்டாம் என்றாள். எட்டு மாசத்தில் முதல் தடவையாக அண்ணா போய் அவர் ஆகிவிட்டிருந்தது. லூர்து கயிற்றைப் பிடிக்க, அவள் புளியோதரையின் அடியில் போய் நின்று, உள்ளங்கையைப் பாவாடையில் துடைக்கிற பழக்கத்தில் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. சிகாமணி புளியமரத்து வேரில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். மூன்றாவதைத் தாண்டி வெறும் பாறைக்கு வந்ததும் அவள் கெண்டைக்கால் ஆட ஆரம்பித்தது, தையல் மெஷின் மாதிரி, அவன் கொடுத்த ஆட்டம் அது, இங்கிருந்தே தெரிந்தது. விழக் கூடாது, விழக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, உண்மையாகவே அடித்துக்கொண்டது. அவள் நின்றாள். காலை ஒரு தடவை உதறினாள். தலையைச் சாய்த்து, இடம் பார்த்து, ஏழாம் நம்பரை இறக்கி, இழுத்தாள், கயிற்றை மாட்டினாள், ஆட்டம் நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்ட அதே நொடியில் அவனுக்கு மறுபடியும் எரிந்தது. முன்பு எரிந்த அதே இடத்தில், அதே அளவு. இப்போது அதைச் சொல்லி மறைக்க ஒரு பொய்கூடக் கையில் இல்லை.